சுலோசனாவின் வலது கால்

மறுபடியும் பால் கொட்டிவிட்டது. காலையில் தரையில், இப்போது பொன்னியம்மாளின் மடியில்.

"பால் குடி கண்ணு" என்றுதான் சொன்னாள் பொன்னியம்மாள். சொன்ன வாய் மூடுவதற்குள் போர்வைக்குள்ளிருந்து ஒரு உதை வந்தது. டம்ளர் கையை விட்டுத் தெறித்து, மடியை நனைத்து, உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இன்னாமே யசோதா, இது பொண்ணா, எருமைக் கன்னா? பால்னு சொன்னாலே ஒதைக்குது! எம்புடவையப் பாரு, நேத்துதான் தோச்சுக் கட்டினது."

"நீங்க குடுக்காதீங்க அண்ணி. பசிச்சா தானா கேக்கட்டும்."

"எப்பக் கேக்கும்? எலும்பும் தோலுமா கீது. பாலு எறங்காம கால்ல எங்கேர்ந்து தெம்பு வரும்?"

யசோதா கந்தலை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். குழந்தைக்கு மாவுக்கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதிகமாகச் செய்த வேலை இதுதான். பாய்க்கு அடியில் போன பால் புளித்து, கூடம் முழுக்க ஒரு வாடை தங்கிவிட்டது. துடைத்து முடித்துவிட்டுக் குழந்தையின் காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்கிற தட்டு இல்லை. ஆனாலும் சுலோசனா தெருக்கோடி வரை கேட்கும்படி அழுதாள்.

சுலோசனா அவளுக்கு ஒரே பெண். நடக்கத் தொடங்கியபோதே வாத்து மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். பொட்டைப் பிள்ளை ஒய்யாரமாக நடக்கிறது என்று சிரிக்காதவர் இல்லை. சாய்வு குறையவில்லை என்றதும் யசோதா பிடிவாதமாக நின்று, சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டினாள். படம் எடுத்துப் பார்த்தவர், வலது இடுப்பு எலும்பு பிறவியிலிருந்தே அதன் குழியில் உட்காரவில்லை என்றார். அறுத்து, எலும்பைக் குழியில் பொருத்தி, மார்பிலிருந்து வலது கணுக்கால் வரைக்கும், இடது பக்கம் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார். இரண்டு தொடைக்கும் நடுவே குறுக்காக ஒரு கட்டை வேறு. மழைக்காலம் முழுக்க அந்தச் சுண்ணாம்புச் சட்டைக்குள் குழந்தை கிடந்தது. அரிப்பெடுத்துக் கதறும். உள்ளே விரல் போகாது. விசிறிக் காம்பை விட்டுச் சொறியப் போய் நர்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கட்டுப் பிரித்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். யசோதாவும் அப்படித்தான் நினைத்தாள். பெரிய கத்தரியால் நறநறவென்று வெட்டிப் பிளந்தபோது உள்ளேயிருந்து வந்தவை அவள் பெற்ற பிள்ளையின் கால்களாகவே தெரியவில்லை. வெங்காயச் சருகு போலத் தோல் உரிந்தது. வலது கால் முருங்கைக்காய் கனத்துக்கு இளைத்திருந்தது. கட்டை போன பிறகும் கட்டை இருப்பதுபோலவே கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, அவை யாருடைய கால்களோ என்று சுலோசனா மிரண்டு பார்த்தாள். யாராவது கை வைத்தால் அலறினாள்.

டாக்டர் கோதாவரிப் பக்கத்துக்காரர். அவருடைய தெலுங்கு ஓட்டமாக ஓடும். சித்தூர்த் தெலுங்கில் பழகிய யசோதாவுக்குப் பாதி பிடிபடும், பாதி நழுவும். "தனந்தட தானே காலு முடவாலம்மா" என்றார். தானாகவே காலை மடக்க வேண்டும் என்று அர்த்தம். வற்புறுத்தி இழுக்கக் கூடாது, நிற்க வைக்கக் கூடாது, விளையாட்டுப் போக்கில் அதுவாக மடக்க வேண்டும். பங்குனியில் மறுபடி கூட்டி வரும்போது மடக்காமல் விறைத்தே இருந்தால், மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் வைத்து அவர்களே மடக்கி, திரும்பவும் கட்டுப் போட வேண்டியிருக்கும்.

மறுபடி மயக்க மருந்து, மறுபடி அந்தச் சட்டை. யசோதா சரிங்க, சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டில் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தபோது, திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார் பொன்னியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"முடவாலியா? ஐயோ, முடம்னே சொல்லிட்டாரா அந்தாளு?"

"மடக்கணும்னு சொன்னாரு அண்ணி. தெலுங்குல அதுக்கு அதான் பேரு."

"நல்லா கீது அவங்க பாஷை! இதுக்குத்தான் சொன்னேன், மெட்ராசுக்கு இட்டுக்கினு போன்னு. எங்க ஊரே இப்ப மெட்ராசுக்குப் போவுது, நீ மட்டும் திருப்பதியே கதின்னு கெட."

அந்த வருஷம் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முடிந்தது. எல்லைத் தீர்ப்பு வந்துவிட்டது. திருத்தணிப் பக்கம் மெட்ராசோடு சேர்கிறது, நகரி, சித்தூர்ப் பக்கம் ஆந்திராவிலேயே நிற்கிறது. பொன்னியம்மாளின் புகுந்த வீடு அந்தப் பக்கம், பிறந்த வீடு இந்தப் பக்கம். அவளுடைய தம்பி, யசோதாவின் புருஷன் நாகேந்திரன், சித்தூர்க் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. அந்தப் பக்கம் போகவேண்டிய காகிதங்களைப் பிரித்துக் கட்டும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. விளக்கு வைத்த பிறகு மூக்கெல்லாம் தூசியாக வருவான். செருப்பைக் கழற்றும்போதே, "ஆச்சா?" என்பான். காலை மடக்கியாயிற்றா என்று கேட்கிறானாம்.

"ஆச்சு. மடக்கி, நீட்டி, மலையேறிட்டு இப்பத்தான் வந்து படுத்தா" என்பாள் யசோதா.

"இன்னாத்துக்கு இப்பிடி எரிஞ்சு விழற? கேக்கக்கூடாதா?"

"கேளுங்க. தெருவுல போறவங்கல்லாந்தான் கேக்கறாங்க."

கேட்கத்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் சும்மா போகவில்லை, ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனார்கள். வெந்நீரில் நொச்சி போடு என்றாள் ஒருத்தி. நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய் என்றாள் இன்னொருத்தி. புத்தூர்க் கட்டு போட்டிருக்கலாமே என்று பெருமூச்சு விட்டார் ஒருவர், ஆபரேஷன் எல்லாம் முடிந்த பிறகு. யசோதா செய்யாதது இல்லை. பாதத்துக்கு எட்டின மாதிரி பொரி உருண்டையை வைத்துப் பார்த்தாள். சுலோசனா கையை நீட்டிக் கேட்டாள், கிடைக்கவில்லை என்றதும், "வோணா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நாகேந்திரன் பக்கத்தில் மல்லாந்து படுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நைனா பாரு, நைனா பாரு" என்று காலைத் தூக்கி மடக்கிக் காட்டினான். கவிழ்ந்த வண்டு மாதிரி இருந்தது. குழந்தை நன்றாகச் சிரித்தது. கால் அசையவில்லை. எழுந்திருக்கும்போது நாகேந்திரனுக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இவ்வளவுக்கும் நடுவில், யசோதா குழாயடிக்குப் போன சமயம் பார்த்துப் பொன்னியம்மாள் குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்த ஆரம்பித்துவிட்டாள். அலறல் குழாயடிக்குக் கேட்டது. யசோதா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"விடுங்க! விடுங்க அண்ணி! நிக்க வெக்கக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"நின்னாத்தான மடங்கும்? நாலு பெத்தவமே நானு. எந்தப் புள்ளைக்கு எந்த டாக்டரு வந்து காலு மடக்கினான்?"

"உங்க புள்ளைங்களுக்கு இடுப்பு வெலகல."

"ஆமா, எங்க வம்சத்துல யாருக்கும் வெலகல. எங்கேர்ந்து வந்துச்சோ!"

யசோதாவுக்கு வாய் வரை வந்தது. விழுங்கினாள். நாத்தனாரைச் சண்டை போட்டு அனுப்பிவிட்டால் சமையலைப் பார்க்க ஆளில்லை. குழந்தையைப் படுக்க வைத்து, தன் முகத்தையும் அதன் முகத்தையும் ஒரே முந்தானையால் துடைத்தாள்.

வீட்டுக்காரர் ரங்கையா முன்பாகத்தில் குடியிருந்தார். அவர்கள் குடியிருந்த சித்தூர்க் கிரீம்ஸ்பேட்டைச் சந்தில் ஒரு வண்டி நுழைந்தால் நாய் நுழைய இடமிருக்காது. அதற்குள் அவர் ஒருநாள் இரும்புப் பீரோ ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றி வரவழைத்தார். வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்ப வேண்டும். வண்டிக்காரன் பாட்டுக்கு ஏதோ செய்ய, ரங்கையா படியில் நின்றுகொண்டு வண்டிக்காரனைவிடப் பெரிய குரலில் கத்தினார்.

"குடி! குடிரா! குடி பக்கம் திப்பு!"

யசோதா கூடத்தில் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புழுக்கம் என்று குழந்தையின் போர்வையை எடுத்துவிட்டிருந்தாள். ரங்கையா மூன்றாவது முறையாக, "குடி" என்று கத்தியபோது சுலோசனாவின் வலது கால் பாயிலிருந்து எழும்பி, முழங்காலில் மடங்கி, வெடுக்கென்று உதைத்தது.

ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தாள் யசோதா.

"எடம! இப்புடு எடம!" என்றார் ரங்கையா.

இடது கால் எழும்பியது.

"மள்ளீ குடி! கண்ணு கனபடலேதாரா நீக்கு?" மறுபடி குடி, கண் தெரியவில்லையா உனக்கு என்று வண்டிக்காரனை வைதார்.

வலது கால். இந்தத் தடவை இன்னும் உயரமாக. சுலோசனா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, வாயில் கட்டைவிரலோடு, வெளியே நடக்கிற வண்டி வேலையில் தானும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டவள்போல மும்முரமாக இருந்தாள்.

யசோதாவின் கையிலிருந்த கீரை கையிலேயே நின்றது. தெலுங்கில் குடி என்றால் வலது, எடம என்றால் இடது. ஆஸ்பத்திரியில் நெல்லூர்க்கார நர்ஸ் ஒருத்தி தினம் காலையில் வந்து, கட்டுக்கு வெளியே தெரிகிற கால் விரல்களைக் கிள்ளி அசைக்கச் சொல்வாள், ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு. "குடி" என்றால் இந்தக் கால், "எடம" என்றால் அந்தக் கால். அசைத்தால் கை தட்டுவாள். மாதக்கணக்கில் குழந்தை விளையாடிய ஒரே விளையாட்டு அதுதான். இப்போது கட்டு இல்லை, விரலுக்குப் பதில் காலே எழும்புகிறது.

அப்படியானால் பால்?

வேளை தவறாமல் ஆளுக்கு ஆள், "பால் குடி" என்றார்கள். குழந்தையும் சொன்னபடி கேட்டு வேளை தவறாமல் வலது காலைத் தூக்கியது. எந்தக் கால் என்று யார் பார்த்தார்கள்? எல்லோரும் கொட்டின பாலைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணி! இங்க வாங்களேன்! சீக்கிரம்!" என்று கத்தினாள். பொன்னியம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். யசோதா குழந்தையின் காதருகே குனிந்து, "குடி" என்றாள். கால் எழும்பி மடங்கியது.

விஷயத்தைக் கேட்ட பொன்னியம்மாள் கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப பாலுக்கு இன்னாதான் சொல்றது?"

"தாகுன்னு சொல்லுங்க. தெலுங்குல அதான் குடிக்கிறது."

"மெட்ராசுக்குப் போற ஊர்க்காரி நானு, எந்தம்பி பொண்ணுக்குத் தெலுங்குல பால் ஊட்டணுமா!" என்று முனகினாள். ஆனால் சாயங்காலம், "தாகும்மா, தாகு" என்று அவள்தான் கொடுத்தாள். ஒரு டம்ளர் முழுக்க உள்ளே போயிற்று.

அன்று ராத்திரி நாகேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான். "ஆபீசுலதான் எல்லை பிரிச்சுச் சாவறேன்னா வூட்லயுமா? காலுக்கும் தெலுங்கு, பாலுக்கும் தெலுங்கு. தமிழுக்கு இன்னாதான் மிச்சம்?"

"திட்டறதுக்கு" என்றாள் யசோதா.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் முதல் வீட்டுக்குள் நுழைகிறவர் ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றுமுன், "குடி!" என்றார்கள். ரங்கையா ஜன்னலில் தலையை நீட்டி, "குடி!" என்றார். வைத்தியம் சொன்னவர்கள் எல்லாம் வந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாகேந்திரன் சாப்பிடும்போது ஒரு கவளத்துக்கு ஒரு குடி. குழந்தை முதலில் உற்சாகமாகத் தூக்கியது. பிறகு பாதி தூக்கியது. பிறகு கால் கட்டைவிரலை மட்டும் அசைத்தது. திருப்பதிக்குப் புறப்பட வேண்டிய நாள் நெருங்கும்போது, யார் குடி என்றாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "வோணா" என்றது. காலை முன்போலவே கட்டையாக வைத்துக்கொண்டது.

யசோதாவுக்கு அழவும் தோன்றவில்லை. "இனிமே இந்த வூட்ல எவனாவது அந்த வார்த்தைய எடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். முடித்தால் அந்த "எவனாவது" என்பதில் புருஷனும் சேர்ந்துவிடுவான். அன்று ஆபீசிலிருந்து தொண்டை வறண்டு வந்த நாகேந்திரன், தண்ணீர் குடிக்கணும் என்று சொல்லப் பயந்து சைகையால் சொம்பைக் கேட்டான்.

திருப்பதி பஸ்ஸில் யசோதாவும் நாகேந்திரனும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை இருவர் மடியிலும் குறுக்காக நீட்டிப் படுத்திருந்தது. தூக்குவதென்றால் இரண்டு கைகளையும் நீட்டி, விறகுக் கட்டைத் தாங்குவதுபோலத்தான் தூக்குவார்கள். கட்டோடு அப்படித்தான் தூக்க முடிந்தது. கட்டுப் போன பிறகும், எங்கே இடுப்பு மறுபடி விலகிவிடுமோ என்று அப்படியே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நெல்லூர் நர்ஸ் இல்லை. லீவில் ஊருக்குப் போயிருந்தாள். டாக்டர் மேசைமேல் குழந்தையைக் கிடத்தி, தொடையில் கை வைத்தார். சுலோசனா அலறியபடி பலகையாக விறைத்தாள். அவர் மெதுவாகப் பேசிப் பார்த்தார், விட்டுவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தார். பலகை பலகையாகவே இருந்தது. புதுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எலும்பு நன்றாக உட்கார்ந்திருக்கிறது, விறைப்புத்தான் போகவில்லை என்றார். பிறகு பக்கத்திலிருந்த நர்சிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். யசோதாவுக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான். தியேட்டர்.

"சார், சார், வூட்ல நல்லா செய்யுது சார். ஒரு நிமிஷம்" என்று நாகேந்திரன் மேசைக்குப் பாய்ந்தான். "சுலோ! குடி! குடிம்மா! நைனா சொல்றேன் இல்ல, குடி! குடி!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலில் கட்டோடு இருந்த வாலாஜாக்காரர் ஒருவர், "புள்ளைக்கே ஊத்திக் குடுக்கறான் பாருய்யா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். குழந்தை இன்னும் ஓங்கி அழுதது. நர்சும் குனிந்து தெலுங்கில் ஏதோ கொஞ்சினாள். டாக்டர் மறுபடி கையை நீட்டினார்.

யசோதாவுக்குள் இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது அங்கே அறுந்தது.

"சாலு! சாலண்டி!" என்றாள். போதும் என்று தெலுங்கில் தொடங்கியது தமிழில் பொங்கியது. "ஆளாளுக்குக் குடின்றீங்க, எடமன்றீங்க, மடக்கு, நீட்டு, தூக்கு! வண்டி மாடா இது? பச்சக் கொழந்த! கொஞ்ச நேரம் யாராவது சும்மா வுட்டீங்களா? வுடுங்க, நான் போய் மரத்தடில ஒக்காந்து, அழுவய நிறுத்திட்டு இட்டாறேன். அப்பறம் அறுங்க, கட்டுங்க, இன்னா வேணா பண்ணுங்க!"

டாக்டரின் கையை விலக்கிவிட்டு, குழந்தையைக் கக்கத்தில் கை கொடுத்து வெடுக்கென்று தூக்கினாள். தூக்கிய வேகத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எல்லாத் தாய்களும் வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். விறகுக் கட்டாகத் தூக்க வேண்டும் என்பதே அந்தக் கோபத்தில் மறந்துபோயிற்று.

"ஆகண்டி! அலாகே உண்டண்டி!" என்று பின்னாலிருந்து டாக்டர் கத்தினார். அப்படியே நில்லுங்கள் என்றதும் யசோதா பயந்து நின்றாள். இடுப்பை விலக்கிவிட்டோம் என்றே நினைத்தாள். கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

டாக்டர் அவளைச் சுற்றி வந்தார். சுலோசனாவின் அழுகை விக்கலாகக் குறைந்திருந்தது. அவளுடைய இடது கால் தாயின் முதுகுப் பக்கம் தொங்கியது. வலது கால் தாயின் வயிற்றோடு மடங்கி, குதிகால் புடவைக் கொசுவத்தில் அழுந்தி, விழுந்துவிடாமல் இறுகப் பிடித்திருந்தது. டாக்டர் குதிகாலை ஒரு விரலால் இலேசாக இழுத்தார். கால் இன்னும் நன்றாக மடங்கி இறுகியது. மறுபடி இழுத்தார். மறுபடி இறுகியது. அவருடைய முகம் மலர்ந்தது.

இத்தனை நாள் எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டார். நாகேந்திரன் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத விறகுக் கட்டைத் தாங்கிக் காட்டினான்.

"ராமா!" என்று டாக்டர் நெற்றியில் கை வைத்தார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், "இதை நான் சொல்லணுமாம்மா? எந்த அம்மா புள்ளைய இடுப்புல வெக்கமாட்டா?" என்றார்.

தியேட்டர் வேண்டாம். கட்டு வேண்டாம். தினம் இப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வேலையைப் பார்க்கட்டும், அந்தக் காலுக்கு அதுதான் வேலை. நிற்பதும் நடப்பதும் அதன் இஷ்டம். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று யசோதாவுக்குக் கோபம் வந்தது. சந்தோஷமும் அதோடு சேர்ந்து வந்ததால் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "சரிங்க" என்றாள்.

சாயங்காலச் சித்தூர் பஸ்ஸில் கூட்டமில்லை. நாகேந்திரன் ஜன்னலோரம் இடம் போட்டுத் துண்டால் தட்டி வைத்தான். யசோதா உட்காரப் போனாள். இடுப்பிலிருந்து இறக்குகிறாள் என்று தெரிந்ததும் சுலோசனா வீறிட்டாள். யசோதா எழுந்து நின்றதும் வீறிடல் நின்றது. மறுபடி உட்காரப் பார்த்தாள். மறுபடி வீறிடல். பஸ் சந்திரகிரியைத் தாண்டியது.

"சீட்டு காலிகா உந்தி கதம்மா, கூசோ" என்றான் கண்டக்டர். இடம் காலியாகத்தானே இருக்கிறது, உட்காரேன் என்கிறான்.

"நீங்க வெச்சுக்கறீங்களா கொஞ்ச நேரம்?" என்று புருஷனைக் கேட்டாள். அவன் கையை நீட்டினான். குழந்தை அவன் கையை ஒரு அறை அறைந்துவிட்டு, இரண்டு கால்களாலும் தாயின் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"இன்னா கனம் கனக்கறடி பாவி" என்றாள் யசோதா. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்து, மறு கையால் பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, காலியான இடத்தைப் பார்த்தபடி சித்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.